பச்சை போட்ட வீடுகள்

பொன்வயல் அடுக்ககத்தில் முதல் பாசி முளைத்தது சங்கச் செயலாளர் வெங்கிடுபதியின் வீட்டில்தான், அதுவும் அவர் நடப்பதற்கென்று வாங்கிப் போட்டுத் துணி காயவைத்துக்கொண்டிருந்த டிரெட்மில்லின்மேல். அன்று காலையில் அவர் எழுந்து, பல் விளக்கி, காபி குடித்து, நாற்காலியை விட்டு அசையாமல் கைப்பேசியை எடுத்து, முக்கால் மணி நேரம் நடந்தேன் என்ற வரிக்கு நேராக விரலை வைத்து அழுத்த, அங்கே திரையில் ஒரு பச்சை இலை மலர, இங்கே டிரெட்மில்லின் ரப்பர் பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று ஒரு பச்சை படிந்தது. அவர் மனைவி அதைத் துடைத்துப் பிழிந்துவிட்டு, எல்லாம் மழைக்காலத்து ஓதம் என்றாள். அது சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இதை நான் சொல்வதால் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் பல் டாக்டர். மனிதர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பொய் சொல்வதைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள். இரண்டு வேளையும் விளக்குகிறேன் டாக்டர் என்பார்கள், கடைவாயிடுக்கில் முந்தாநாள் சாப்பிட்ட கீரை ஊறிக்கொண்டிருக்கும். அருவருப்பை கிளினிக்கில் கையுறையோடு கழற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக வீடு வந்து சேரலாம் என்றுதான் சரவணம்பட்டியைத் தாண்டி இந்த அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் வீடு வாங்கினேன். பொன்வயல்காரர்கள் விடவில்லை.

அந்தச் செயலியின் பெயர் தினப்பச்சை. வெங்கிடுபதிக்கு யாரோ சொல்லி, அவர் பொதுக்குழுவில் சொல்லி, கைதட்டி நிறைவேற்றி, வீட்டுக்கு ஒரு கணக்கு, கணக்குக்கு ஒரு பட்டியல் என்று எல்லோர் கைப்பேசியிலும் ஏற்றிவிட்டார்கள். காலையில் வெந்நீர் குடிப்பது, நடப்பது, விளக்கேற்றுவது, அம்மாவுக்குப் போன் செய்வது, சர்க்கரையைத் தொடாமல் இருப்பது, தண்ணீர் கேன் சொல்வது, மனைவியிடம் பத்து நிமிடம் முகம் கொடுத்துப் பேசுவது என்று மனிதன் தானாகச் செய்ய வேண்டியதெல்லாம் அதில் வரிவரியாக ஏறியது. செய்து முடித்ததும் அழுத்தினால் பச்சை இலை விழும். ஒரு நாளும் விடாமல் விழுந்த இலைகள் கோத்துக்கொண்டு சங்கிலியாகும், ஒன்று விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யார் வீட்டுச் சங்கிலி எவ்வளவு நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

இதற்கெல்லாம் எங்கள் ஆட்கள் அசைந்துகொடுக்க மாட்டார்கள் என்பது வெங்கிடுபதிக்குத் தெரியும், அதனால் ஒரு பரிசு வைத்தார். எங்கள் வளாகத்தில் லிஃப்டுக்கு ஒட்டினாற்போல் கூரை போட்ட கார் நிறுத்துமிடம் ஒன்றே ஒன்று, பில்டர் யாருக்கும் விற்காமல் விட்டுப்போனது. மற்ற கார்கள் அத்தனையும் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே நிற்க வேண்டும். அந்த மரங்களில் கொக்குகள் கூட்டம் கூட்டமாக அடையும், அடைந்தால் சும்மாவா இருக்கும், காலையில் போய்ப் பார்த்தால் கார்களின் மேல் வெள்ளையும் சாம்பலுமாக, பாதி செரித்த மீன் முள்ளோடு, நாற்றம் குடலைப் புரட்டும். நீளமான சங்கிலி எந்த வீட்டுடையதோ அந்த வீட்டுக் கார் கூரைக்கடியில் நிற்கலாம் என்று அறிவித்தார். அன்றிலிருந்து பொன்வயலில் காலை வணக்கம் சொல்வது நின்றுபோய், எதிர்ப்படுகிறவர்கள் ஒருவரையொருவர் பச்சை போட்டாச்சா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

போட்டார்கள். முதல் வாரம் செய்துவிட்டுப் போட்டார்கள், இரண்டாம் வாரம் செய்யப்போகிறோமே என்று போட்டார்கள், பிறகு போடுவதுதான் செய்வது என்று போட்டார்கள், போடப் போட வீடுகளில் பாசி பிடித்தது. எதைச் செய்யாமல் பச்சை போட்டார்களோ அது நடந்திருக்க வேண்டிய இடத்தில் பிடித்தது. ஏற்றாத விளக்கின் தண்டில் பிடித்தது, படிக்காத புத்தகத்தின் அட்டையில் பிடித்தது, தாயைக் கூப்பிடாத தொலைபேசி மேசையில் பிடித்தது, தம்பதிகள் பத்து நிமிடம் பேசியிருக்க வேண்டிய கட்டிலின் நடுவில் ஒரு கோடாக, ஒருவரையொருவர் தொட வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் தொட வேண்டும் என்கிற மாதிரி பிடித்தது. தொட்டால் ஜில்லென்று இருக்கும், விரலில் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வரும், அழுகிய கழுநீர்த் தொட்டியின் நாற்றம் அடிக்கும். சுரண்டினால் போகும், சோறு வடிப்பதற்குள் திரும்பி வந்துவிடும்.

என் வீட்டிலும் ஒரு திட்டு வந்தது. அக்காவோடு பேசினேன் என்று பேசாமலே போட்டிருந்தேன், சோபாவின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. பார்க்கச் சகிக்காமல் அக்காவைக் கூப்பிட்டேன், சொத்து விஷயத்தை இழுத்துப் போட்டு இரண்டு பேரும் நன்றாகச் சண்டை பிடித்தோம். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பாசி காய்ந்து பொருக்காகி உதிர்ந்து கிடந்தது, கூட்டி அள்ளினேன், அப்புறம் வரவில்லை. இவ்வளவுதான் அதன் மருந்து என்று வெங்கிடுபதியிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அதெல்லாம் எல்லோருக்கும் நடைமுறைக்கு ஒத்துவராது டாக்டர் என்றார்.

அவர்கள் நடைமுறைக்கு ஒத்துவந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு இன்ஜினீயரை அழைத்து வந்தார்கள், அவர் இந்த இடம் முன்பு குட்டையாக இருந்தது, குட்டையின் ஈரம் சுவர் வழியாக ஏறுகிறது என்று எழுதிக் கொடுத்தார், எட்டாவது மாடிக்கு எப்படி ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் ஹோமம் வளர்த்தார்கள். அப்புறம் ஒரு வீட்டு அம்மாள் பாசியை வழித்து முகத்தில் பூசிக்கொண்டு தோல் மினுங்குகிறது என்றாள், ஒரு மாதம் பெண்கள் எல்லோரும் பூசினார்கள், பெருமாள் கோயிலுக்குக்கூடக் கழுத்தோரம் பச்சையாகத்தான் போனார்கள். அப்புறம் குழந்தைகள் வழுக்கி விழாமலிருக்க வீடு முழுவதும் ரப்பர் விரிப்பு வந்தது, விருந்தாளிகள் செருப்பைப் போட்டுக்கொண்டே உள்ளே வரலாம் என்ற வழக்கம் வந்தது, பிறத்தியார் வீட்டுப் பாசியைக் கண்டால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேச வேண்டும் என்ற நாகரிகமும் வந்தது. எந்த வீட்டில் பாசி அதிகமோ அந்த வீட்டுச் சங்கிலிதான் நீளம், ஆகவே பாசி ஒரு கௌரவம் என்றும் ஆயிற்று. கடைசியில் சங்கம் கூடி, தினமும் பாசி சுரண்டுவது என்று தினப்பச்சையில் ஒரு வரி சேர்த்தது. அதற்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பச்சை போட்டார்கள், மறுநாள் பாசி இரண்டு மடங்காக இருந்தது.

என் எதிர்வீட்டில் மோகனசுந்தரம், வசுமதி. அவன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், காதில் மாட்டியதைக் கழற்றாதவன். அவள் காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். அவனிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது, புதுசு, அதை அவன் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் பாவமாக இருக்கும், ஏனென்றால் கொக்குகளுக்கு வெள்ளைக் கார் என்றால் தனி ஆசை. அந்தக் கூரைக்கடி இடம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று அவன் வெளிப்படையாகவே சொல்வான்.

அவர்கள் வீட்டுக்கு அவனுடைய அப்பா நாச்சிமுத்து வந்தார். பீளமேட்டில் பம்புசெட் பட்டறை வைத்திருந்தவர், அவருக்கு நான் பல்செட் கட்டிக் கொடுத்த வகையில் பழக்கம். அந்தப் பல்செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இந்தப் பக்கம் அரம் போட்டு ராவினது பத்தலையே என்று என்னிடமே குறை சொன்னவர், எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வாயும் பாதி இழுத்துக்கொண்டது, பேச்சில் ஒன்றிரண்டு சொல்தான் மிச்சம். மூத்திரத்துக்குக் குழாய், சாப்பாட்டுக்குக் கூழ். ஆஸ்பத்திரியில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவரைப் புரட்டிப் படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும், புண் ஆளைக் கொண்டுபோய்விடும்.

ஆரம்பத்தில் ஆயா ஒருத்தி இருந்தாள், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் விளக்கேற்றாமல் பச்சை போட்டுப் போட்டு சாமி அலமாரிக்குக் கீழே பிடித்திருந்த பாசியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டு போனவள் திரும்ப வரவில்லை. வேறு ஆள் கிடைக்கிறவரை நாமே பார்த்துக்கொள்வோம் என்று மோகன் தினப்பச்சையில் வரி சேர்த்தான். அப்பாவைப் புரட்டிப் போடுவது, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை. பகலில் அவன், காலையும் மாலையும் வசுமதி, ராத்திரியில் யார் முதலில் விழிக்கிறார்களோ அவர்கள். தோகாவில் இருக்கிற தம்பி தினகரனும் அதே கணக்கில் இருந்தான், அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்று அங்கிருந்தே தெரிந்துகொள்ளட்டும் என்று மோகன்தான் சேர்த்துவிட்டிருந்தான்.

இதில் யாரும் ராட்சசர்கள் இல்லை, எனக்கு எரிச்சலே அதுதான். புரட்டுகிற நேரம் வந்ததும் செயலியில் மணி அடிக்கும். மோகன் மீட்டிங்கில் இருப்பான், இதோ ஐந்து நிமிடம் என்பான். தோகாவில் தினகரன் பார்ப்பான், அண்ணன் புரட்டியிருப்பான், அழுத்த மறந்திருப்பான், சங்கிலி அறுந்துவிடுமே என்று அங்கிருந்து பச்சை போடுவான். ஐந்து நிமிடம் கழித்து மோகன் எடுத்துப் பார்ப்பான், பச்சை விழுந்திருக்கும், அட வசுமதி சீக்கிரம் வந்துவிட்டாள் போல என்று அடுத்த மீட்டிங்குக்குப் போவான். காலேஜில் இரண்டு வகுப்புக்கு நடுவில் வசுமதி பார்ப்பாள், பச்சை விழுந்திருக்கும், இந்த மனுஷன் எவ்வளவு பொறுப்பாகிவிட்டான் என்று கண் கலங்குவாள். சாயங்காலம் அவள் வந்து சேர்கிறபோது அந்த வேளைக்கும் பச்சை விழுந்திருக்கும், இப்போதுதானே புரட்டிப் படுக்கவைத்திருக்கிறார்கள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கை எட்டுகிற இடத்தைத் துடைத்து, துணி மாற்றி, கூழ் ஊட்டுவாள். மெத்தை ஓரத்தில் பச்சை தெரியும். பொன்வயலில் எந்த மெத்தை ஓரத்தில் தெரியவில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவர் வாயைச் சுத்தம் செய்வேன். விழுந்த பக்கத்தில் எச்சில் தேங்கி ஒழுகும், அதை அவரால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. கன்னத்தை அமுக்கிவிட்டு, உதட்டைக் குவித்துக் காட்டி, தண்ணீரைக் கொடுத்து, துப்புங்க ஐயா, துப்புங்க என்று ஒவ்வொரு வாரமும் பழக்கிப் பார்த்தேன். அவர் முக்குவார், கண்ணில் நீர் வரும், தண்ணீர் மோவாய் வழியே வழிந்து கழுத்துக்குள் போகும். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொல் சொல்வார்.

"குளுருது."

ஃபேனை நிறுத்தினார்கள், போர்வை போட்டார்கள், போர்வை போடுவது என்று ஒரு வரி சேர்த்தார்கள். எப்போது போனாலும் மல்லாந்தே கிடக்கிறாரே என்று நான் ஒரு தடவை கேட்டேன். மோகனுக்கு முகம் சுருங்கிவிட்டது, கைப்பேசியை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் போடறமுங்க டாக்டர். பாருங்க, ஒண்ணுகூட விடல." மேலிருந்து கீழ்வரை பச்சை, ஒரு இலைகூடக் குறையவில்லை. தினம் தினம் பொய் வாய்களைப் பார்க்கிற நான், அந்த இலைகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன், நினைத்தால் என்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீளமான சங்கிலி மோகன் வீட்டுடையது என்று அறிவித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கொரு இலை என்றால் வேறு எந்த வீடு போட்டி போட முடியும். கீழே மாலை போட்டார்கள், மைக் வைத்துப் பேசினார்கள், வெள்ளைக் கார் கொக்கு எச்சத்தைக் கழுவிக்கொண்டு கூரைக்கடியில் போய் நின்றது, மோகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் கல்யாண மாப்பிள்ளைக் களை இருந்தது. வெங்கிடுபதி, இவ்வளவுக்கும் காரணம் பெரியவருக்குச் செய்கிற பணிவிடைதான், அவரோடு சேர்த்துக் குடும்பமாக ஒரு படம் எடுத்துக் குழுவில் போடுவோம் என்றார். இரண்டாவது மாடிக்கு ஒரு கூட்டமே ஏறியது. எனக்கு அன்று வாய் சுத்தம் செய்கிற நாள், நானும் பின்னாலேயே போனேன்.

பெரியவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைப்பதாகத் திட்டம். மோகன் தோளுக்கடியில் கை கொடுத்தான், வசுமதி இடுப்பில் கை கொடுத்தாள், ஒன்று இரண்டு சொல்லித் தூக்கினார்கள். அவர் வரவில்லை. இன்னொரு முறை தூக்கினார்கள், மெத்தையும் சேர்ந்து வந்தது. வசுமதி போர்வையை உருவிவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள், நானும் பார்த்தேன். மெத்தையிலிருந்து கிளம்பிய பாசி அவர் முதுகில் தோள்பட்டை முதல் இடுப்புவரை கனமாக ஏறியிருந்தது, புண் எது பாசி எது என்று தெரியவில்லை, வேர் விட்டு உள்ளே போயிருந்தது, நடுவில் வெள்ளையாக என்னவோ நெளிந்தது. அந்த நாற்றத்துக்கு என் தொழிலிலும் நான் பெயர் வைத்ததில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பி வெயில் அதிகம் என்றார்கள்.

அப்போது மணி அடித்தது. மோகனின் பாக்கெட்டிலும், வசுமதியின் கைப்பையிலும், அப்பாவைப் புரட்டிப் போடுகிற நேரம் என்று அடித்தது. இரண்டு பேர் கையும் அவர் உடம்பின்மேல் இருந்தது, யாரும் போனைத் தொடவில்லை, மணி தானாக நின்று பச்சை விழுகிற அந்த டிங் சத்தம் கேட்டது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இடுப்பு எலும்பின்மேல் பாசி ஒரு விரல்கடை முன்னால் நகர்ந்தது.

மோகன் தினகரனைக் கூப்பிட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"இப்ப நீ அமுக்குனியா?"

"ஆமாண்ணா. சங்கிலி அறுந்துருமேன்னு. நீ எப்படியும் பொரட்டிப் போட்டிருப்பே, அமுக்க மறந்துருப்பேன்னு நெனச்சேன். எப்பவும் அப்படித்தானே போடறேன்."

வசுமதி அழவில்லை. அவள் தன் மாமனாரின் முகத்தைப் பார்த்தாள், புருஷன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பேசியதில், இதைப் பார்க்கிற டாக்டர் நாளைக் காலையில்தான் வருவார், அதுவரை கழுவி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள் என்றார்கள். மோகன் பழக்க தோஷத்தில் அதைப் பட்டியலில் ஏற்றப் போனான்.

"எழுதாதீங்க," என்றாள் வசுமதி. "இங்க வந்து அவரு காலப் புடிங்க."

பிடித்தான். கூட்டத்தை நான் வெளியே துரத்தினேன், அவர்களும் துரத்தப்படுவதற்குக் காத்திருந்த மாதிரிதான் போனார்கள். உப்புத்தண்ணீரும் பஞ்சும் என் கிளினிக் சாமான்களும் கொண்டுவந்து, நாங்கள் மூன்று பேரும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டினோம். நிஜமாகவே கை வைத்துப் புரட்டப் புரட்ட அந்த இடத்துப் பாசி பிடி விட்டது, சில இடத்தில் தோலோடு வந்தது, அவர் வாயைத் திறந்துகொண்டு சத்தமில்லாமல் கத்தினார். மோகன் அப்பா அப்பா என்று சொல்லிக்கொண்டே வாந்தியெடுத்தான், துடைத்துக்கொண்டு மறுபடி வந்து பிடித்தான். மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாயும் பஞ்சுமாகப் போட்டு, பக்கவாட்டில் படுக்கவைத்தபோது அவர் முதல் முறையாகக் கண்ணை மூடித் தூங்கினார். உடம்பு அனலாகக் கொதித்தது.

கீழே போனவர்களுக்கு மனசு சங்கடமாக இருந்திருக்கிறது. இருக்கத்தானே செய்யும், மனிதர்கள். வெங்கிடுபதி அன்று சாயங்காலமே எல்லா வீட்டுப் பட்டியலிலும் ஒரு வரி ஏற்றினார். நாச்சிமுத்து ஐயாவை நேரில் போய்ப் பார்த்து ஆறுதல் சொல்லி வருவது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எங்கள் இரண்டு வீடு தவிர பொன்வயலின் அத்தனை வீடுகளும் பச்சை போட்டுவிட்டன, சிலர் கூடவே கைகூப்புகிற பொம்மையும் போட்டிருந்தார்கள், படிக்கட்டில் ஒரு செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. நான் என் கதவைத் திறந்தேன், எதிர்வீட்டுக் கதவைக் காணோம். கதவு இருந்த இடத்தில் தரையிலிருந்து நிலைவரை கெட்டியாகப் பச்சை நின்றது, படிக்கட்டு வழியாக வழிந்து முதல் மாடிவரை தொங்கியது, போகாத அத்தனை பேரின் வருகையும் அந்த வாசலில் வந்து சேர்ந்திருந்தது. உள்ளேயிருந்து வசுமதி தோசைத்திருப்பியால் சுரண்டுகிற சத்தம் மெல்லியதாகக் கேட்டது. "அக்கா," என்று கூப்பிட்டாள், "மாமாவுக்கு மூச்சு வாங்குதுங்க்கா." நான் குப்பை வாரியைக் கொண்டு இந்தப் பக்கமிருந்து தோண்டினேன், ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் கையாலேயே வாரினார்கள், வாரிய இடம் வாரிய வேகத்தில் மூடிக்கொண்டது. உள்ளே ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தது, வெளியே ஊர் முழுக்க அவரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சாட்சி இருந்தது.

நான் மாடி மாடியாக ஓடிக் கதவுகளைத் தட்டவில்லை. அதற்கு அவசியம் வரவில்லை, ஆம்புலன்ஸின் விளக்கு சுழல்வதைப் பார்த்து அவர்களே வேடிக்கை பார்க்க வந்தார்கள். பைஜாமாவோடும் நைட்டியோடும், வாயில் பிரஷ்ஷோடும் வந்து படிக்கட்டில் நின்று, போனைத் தூக்கிப் பிடித்து எட்டி எட்டிப் பார்த்தார்கள். எதற்காகப் பார்த்தால் என்ன, நேரில் வந்தாயிற்று, பார்த்தாயிற்று. ஒவ்வொருவர் கழுத்து நீள நீளப் பாசி அங்கங்கே வெளுத்தது, காய்ந்தது, பொருக்காகி உதிர்ந்தது, கதவு தெரிந்தது, வசுமதி உள்ளேயிருந்து அதைத் திறந்தாள். அவ்வளவு மட்டமான பார்வைக்கும் வழி விட்ட அந்தப் பாசியைப் பார்த்தபோது எனக்கு அதன்மேல்கூட வெறுப்பு வந்தது.

ஸ்டிரெச்சரில் பக்கவாட்டில் படுக்கவைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் வசுமதி, ஒரு பக்கம் மோகன், அவன் காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. கீழே லிஃப்டுக்கு முன்னால், அந்த வெள்ளைக் கார் நிற்கிற கூரைக்குப் பக்கத்தில், சங்கத்தின் சார்பில் நாலு பேர் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். வெங்கிடுபதி ஸ்டிரெச்சரை நிறுத்தச் சொல்லி, பெரியவரின் முகத்துக்கு நேரே குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "ஐயா, நேத்து சாயங்காலமே நாங்க எல்லாரும் வந்து பாத்தமுங்க. நீங்க கண்ணசந்துட்டீங்க."

நாச்சிமுத்து அவரைப் பார்த்தார். விழுந்துபோன கன்னம் ஒருமுறை துடித்தது, உதடு குவிந்தது, நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கெஞ்சிக் கெஞ்சிச் சொல்லிக்கொடுத்தும் குவியாத உதடு, கோணாமல் மாணாமல் வட்டமாகக் குவிந்தது, தொண்டையின் அடியிலிருந்து எல்லாவற்றையும் திரட்டி மேலே கொண்டுவந்து, தூ என்று துப்பினார். வெங்கிடுபதியின் கால் கட்டைவிரலுக்கு முன்னால் டைல்ஸில் சப்பென்று விழுந்தது. மோவாயில் ஒரு சொட்டுகூட வழியவில்லை. ஸ்டிரெச்சர் நகர்ந்து வண்டிக்குள் ஏறியது.

அவர் பிழைத்துக்கொண்டார். முதுகு ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. வசுமதி பொன்வயலுக்குத் திரும்பவில்லை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கீழ்வீடு ஒன்று பார்த்து மாமனாரை வைத்துக்கொண்டாள், தினகரன் தோகா வேலையை விட்டு வந்து பகலில் அவரைப் பார்த்துக்கொள்கிறான், மோகன் கொஞ்ச நாள் இங்கேயும் அங்கேயுமாக அலைந்துவிட்டு அவனும் அங்கேயே போய்விட்டான். நான் ஞாயிறுதோறும் போகிறேன். இப்போது நாச்சிமுத்து வாய் கொப்பளித்துத் துப்புவதில் கெட்டிக்காரர், டம்ளரைத் தள்ளி வைத்தாலும் குறி தப்பாது.

கூரைக்கடி இடம் அடுத்த நீளச் சங்கிலிக்காரருக்குப் போயிற்று. பொன்வயலில் பாசி இன்னும் இருக்கிறது, சுவரில், லிஃப்டின் பொத்தானில், மின்விசிறி இறக்கையில், எல்லோருக்கும் பழகிவிட்டது. லிஃப்டுக்கு முன்னால் அந்த எச்சில் விழுந்த டைல்ஸில் மட்டும் பிடிப்பதில்லை. சுற்றிலும் பச்சையாகக் கிடக்க, அந்த ஒரு இடம் பளிச்சென்று வெள்ளையாகக் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது, வருகிற போகிறவர்கள் என்ன ஏதென்று கேட்க ஆரம்பித்தார்கள். வெங்கிடுபதி அதன்மேல் ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார், செம்பருத்தி, அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது என்று எல்லோர் பட்டியலிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். இன்றைக்கும் எல்லா வீடுகளும் பச்சை போட்டிருக்கின்றன. செம்பருத்தி செத்து வெகுநாள் ஆகிறது.